ஆடிக்கு அழைத்து வந்த பேச்சியம்மாள்

1. ஒதுக்கீடு

டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது. நர்ஸ் ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. பேச்சியம்மாளுக்கும் நன்றாகவே புரிந்தது. குறுக்கே நின்றது ஆடி மாதம்.

“ஒரு மாசத்துக்கு இந்தக் காலைத் தரையில ஊனக் கூடாது. தண்ணி படக் கூடாது. தெனமும் கட்டு மாத்தணும். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு ஊசி. இதெல்லாம் நடந்தா பாதம் தப்பிச்சிரும். இல்லேன்னா எடுக்க வேண்டியதுதான்” என்றார் அரசு மருத்துவமனை டாக்டர். பேச்சியம்மாளுக்குச் சர்க்கரை நோய். வலது உள்ளங்காலில் ஆறாத புண். படுக்க நிரந்தரமாக ஓர் இடம் கிடையாது.

“சரிங்கய்யா” என்றார் பேச்சியம்மாள், பணிவாக. வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: “ரூமு குடுத்ததுக்கு ரொம்பச் சந்தோசம் தாசில்தாரம்மா. ஆவணி பொறந்ததும் வந்துர்றேன்.”

ஆடி பிறந்து அப்போது நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். ஆகவே வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுவது முறை. நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். சின்னமனூரில் அந்தத் ‘துணை’யை யாரும் உச்சரிப்பதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை. ஓய்வு பெற்ற கையோடு என்னை ஓர் அறக்கட்டளையின் நிர்வாகத்தில் உட்கார வைத்தார்கள். அறக்கட்டளை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். வாழைத் தோப்புகளுக்கு நடுவே ஒரு காம்பவுண்டு, வரிசையாக எட்டு அறைகள், பொதுவாக ஒரு முற்றம். வீடும் இல்லாமல் உடம்பும் சரியில்லாமல் இருப்பவர்களுக்கான இடம். மேகமலை எஸ்டேட்டில் காசநோயால் வேலையை இழந்து, வேலையோடு தொழிலாளர் லைன் வீட்டையும் இழந்து மலையிறங்கி வந்தவர் ஒருவர் இருந்தார். மனநல மாத்திரை சாப்பிடுவதால் சொந்த வீட்டில் சேர்க்கப்படாதவர்கள் இருவர் இருந்தார்கள்.

இதை ‘இல்லம்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இல்லத்தில் மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம். எங்களிடம் வருகிறவர் கையில் அறைச் சாவி இருக்கும். அடுப்பு அவருடையது. யார் முகத்திலும் கதவைச் சாத்துகிற உரிமையும் அவருடையது. என் முகம் உட்பட. மருந்து மாத்திரைக்கு உடனிருப்பது எங்கள் வேலை. ஸ்டெல்லா தினமும் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். திறக்கச் சொன்னால்தான் திறப்பார். ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை, உதவித்தொகை எல்லாம் என் பாடு. வீடில்லாதவருக்கு முகவரி கிடையாது. எனக்கு வீடில்லை என்று அவர் மனுக் கொடுக்கப் போனால், மனுவில் முகவரியை எழுதி வாருங்கள் என்பார்கள். இந்த வட்டத்தை எந்த இடத்தில் வெட்டலாம் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என் மொத்தத் திறமை.

எட்டு அறைக்கு இருபத்திரண்டு விதிகள் எழுதி வைத்தேன். செயலாளர் அழகர்சாமி அதைப் படித்துவிட்டு, “ஆளுக்கு மூணு விதி கூடத் தேறல போலயேம்மா” என்றார். வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். கை சுத்தம், வாய் நீளம். அந்த இருபத்திரண்டில் பதினான்காவது இது: அறை ஒதுக்கி ஒரு வாரத்துக்குள் குடியேறாவிட்டால், அது வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அடுத்து ஒருவர் எப்போதும் இருப்பார். ஆஸ்பத்திரி வராந்தாவிலோ பேருந்து நிலையத்திலோ படுத்திருப்பார். ஆகவே விதி நியாயமான விதிதான். என்னுடைய விதி என்பதற்காகச் சொல்லவில்லை.

ஐந்தாம் அறை பேச்சியம்மாளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவருக்கு ஒரு வாரம் இருந்தது. ஆவணிக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. பாதத்துக்கு எவ்வளவு காலம் இருந்தது என்று டாக்டருக்குக்கூடத் தெரியாது.

2. குச்சனூரில் விசாரணை

மறுநாள் நானும் ஸ்டெல்லாவும் பஸ் ஏறிக் குச்சனூர் போனோம். ஆடியில் அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. சனிக்கிழமை என்றால் நிற்க இடமிருக்காது. சனீசுவரருக்கு எள் விளக்குப் போட வருகிறவர்களுக்கு, கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து விற்பது பேச்சியம்மாளின் தொழில். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். இரவில் படுக்கையும் அதே சாக்குதான். பின்னால் வாய்க்கால் ஓடியது. தரை எப்போதும் ஈரம். அவருடைய இன்சுலின் மருந்து பக்கத்துக் கூல்டிரிங்க்ஸ் கடை ஃபிரிஜ்ஜில் கலர் பாட்டில்களுக்கு நடுவே இருந்தது. இந்த ஏற்பாட்டை எந்த அரசாணையும் செய்துகொடுக்கவில்லை, கடைக்காரர் செய்துகொடுத்திருந்தார்.

ஸ்டெல்லா கீழே உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். “ஆத்தா, என்ன இது. காலா, வாய்க்காப் பாசியா?”

“ஏ புள்ள, நீ பேசாமக் கட்டு. யாவாரத்தக் கெடுக்காத.”

நான் அலுவலக முறைப்படி தொடங்கினேன். “பேச்சியம்மா, ஆடியில வீடு மாறக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லையே.”

“சட்டத்துல இல்லாம இருக்கலாம். ஊர்ல இருக்குல்ல. ஆடியில குடி போனவுக யாராச்சும் வெளங்கியிருக்காகளா?”

“ஆடியில தெருவுல கெடந்தவுக வெளங்கியிருக்காகளாக்கும்?” என்றார் ஸ்டெல்லா, தலை நிமிராமல்.

“தெருவுல கெடக்கிறதுக்கு மாசம் பாக்க வேண்டியதில்ல. வீட்டுக்குள்ள போறதுக்குத்தான் பாக்கணும்.”

ஸ்டெல்லா ராயப்பன்பட்டிக்காரர். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவர். “எங்க ஊர்ல ஆடியும் கெடையாது, ஆவணியும் கெடையாது. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்” என்றார்.

“அப்பிடியா. தவக்காலத்துல கல்யாணம் வைப்பீகளா?”

“வைக்க மாட்டோம்.”

“ஏன் வைக்க மாட்டீக?”

“அது வேற.”

“இதுவும் அதே வேறதான்” என்றார் பேச்சியம்மாள்.  ஸ்டெல்லா புண்ணைப் பஞ்சால் கொஞ்சம் அழுத்தித் துடைத்தார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கல்யாணமான புதிதில் கணவர் அவசரப்பட்டு ஆடியிலேயே ஒரு வீட்டில் குடிவைத்தாராம். அடுத்த ஆடி வருவதற்குள் ஏலத்தோட்ட வேலைக்கென்று கேரளாப் பக்கம் மலையேறிப் போனவர், திரும்பவே இல்லை. அதன் பிறகு வருஷக்கணக்கில் வாடகை வீடுகள். கடைசி வீட்டுக்காரர், புண் நாற்றம் அடிக்கிறது, மற்றக் குடித்தனக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

“இப்ப ஆயுசுல ஒரு வீடு கெடைச்சிருக்கு. யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாகன்னு நீங்களே சொல்றீக. அதுலயும் கெட்ட மாசத்துல கால வச்சு, அதையும் தொலைக்கச் சொல்றீகளா?”

மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் கோப்பை முடித்துவிடலாம். ஆனால் மனுதாரர் முன்னுதாரணம் காட்டுகிறார். முன்னுதாரணம் காட்டும் மனுவை அப்படித் தள்ளிவிட முடியாது.

“சரி, குடி வர வேண்டாம். சும்மா வந்து ஒரு மாசம் தங்குங்க” என்றேன்.

“சும்மா வந்து தங்க அது என்ன எங்க ஆத்தா வீடா? ஆடிக்கு அழைச்சுட்டுப் போறதுக்கு நான் என்ன புதுப்பொண்ணா?”

கூல்டிரிங்க்ஸ் கடைக்காரர் சிரித்தார். பக்கத்தில் பூ விற்றவர் சிரித்தார். பேச்சியம்மாளே சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு விதி தடுக்கிறது என்றால், அதே புத்தகத்தில் இன்னொரு விதி அனுமதித்திருக்கும். பக்கத்தைப் புரட்டப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆடியில் குடிபோகக் கூடாது. அதே ஆடியில்தான் கட்டிக்கொடுத்த பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்க வேண்டும். அழைக்காமல் இருப்பதுதான் குற்றம்.

“ஒங்களை மொத ஆடிக்கு யாரு அழைச்சா?” என்று கேட்டேன்.

“யாரு இருக்கா அழைக்க? ஆத்தாளும் அப்பனும் அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாக. கூடப் பொறந்ததும் இல்ல.”

“அப்ப அந்த அழைப்பு இன்னும் நிலுவையில இருக்கு. நாங்க அழைக்கிறோம்.”

“வெளையாடாதீக தாசில்தாரம்மா.”

“ரெவின்யூல வெளையாட்டுக் கெடையாது.”

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து எள் முடிச்சு கேட்டார், கொடுத்து அனுப்பினார்.

“அழைக்கிறதுன்னா மொறையா அழைக்கணும்” என்றார் கடைசியில். “எனக்குப் புருசன் வீடுன்னா இப்ப இந்தச் சனீசுவரன் வாசல்தான். பொறந்த வீட்டு ஆம்பள ஒருத்தரு இங்கன தட்டோட வந்து கூப்புடணும். பொம்பளைக ரெண்டு பேரு பஸ்ஸுல வந்து வான்னா, நான் எந்திரிச்சு வந்துர மாட்டேன்.”

3. தட்டு

அழகர்சாமி மண்டியில் வாழைத் தாறுகளுக்கு நடுவே நின்று இரண்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டையும் அணைத்துவிட்டார்.

“நானா? நான் போயி அக்கான்னு கூப்புடணுமா?”

“ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்.”

“அது ஒரு தடவையோட நிக்காதும்மா. ஒங்களுக்குத் தெரியாததா. அக்கான்னு வாயில வந்துருச்சுன்னா பொங்கலுக்குச் சீரு என்னது. நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா கோடித்துணி என்னது. ஆயுசுக்கும் எழுதிக் குடுத்த மாதிரி.”

“கோடித்துணிய டிரஸ்ட் செலவுல எடுத்துக்கலாம்.”

“என்னம்மா பேசுறீக. கூடப் பொறந்தவளுக்குக் கோடி எடுக்க டிரஸ்ட்ல பில்லுப் போட்டான்னு ஊரே காறித் துப்பாது?”

“அப்ப ஒங்க செலவுலயே எடுங்க.”

அவர் பக்கத்திலிருந்த தாறில் காய்களை எண்ணத் தொடங்கினார். இந்த இடத்தில் ஒரு நிர்வாகக் குறிப்பு: ஒருவர் தன் மறுப்பை நம்மைவிட மும்முரமாக விளக்கத் தொடங்கினால், அவர் உள்ளுக்குள் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பொருள்.

நான் சொன்னது ஒரு தட்டு. வியாழக்கிழமை காலை அவர் கொண்டுவந்தது ஏழு. ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னார்களாம். ஒன்றுகூட ஒற்றைப்படைதான் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை போலும். வெற்றிலை பாக்கு, தேங்காய், மாம்பழம், அதிரசம், புதுச் சேலை, பூ, மண்டியிலிருந்து ஒரு சீப்புக்குப் பதிலாக ஒரு முழுத் தாறு. எல்லாம் வாழைக்காய் ஏற்றும் குட்டியானை வண்டியில் வந்தன.

புறப்படும் முன் பூத்தட்டைக் காட்டி என்னிடம் மெதுவாகக் கேட்டார். “அவுக வீட்டுக்காரரு இருக்காரா இல்லையான்னே தெரியாது. பூ கொண்டு போகலாமாம்மா?”

“இறப்புச் சான்று இருக்கா?”

“இல்ல.”

“சான்று இல்லாத வரைக்கும் உயிரோட இருக்கிறதாத்தான் அர்த்தம். பூ வைங்க.”

குச்சனூரில் வண்டி நின்றதும் கூட்டம் எங்களைத்தான் பார்த்தது. சனீசுவரன் கோயிலுக்கு யாரும் சீர்த்தட்டு கொண்டுவருவதில்லை. அழகர்சாமி வெள்ளை வேட்டியில், தட்டும் கையுமாக, பேச்சியம்மாளின் சாக்குக்கு முன்னால் போய் நின்றார். மண்டி ஏலத்தில் ஊர் அதிரக் கத்துகிறவருக்கு அன்று பாதிக் குரல்தான் வந்தது.

“அக்கா, ஆடி பொறந்துருச்சு. அம்மா வீட்டுக்கு வாங்க.”

“காதுல விழல” என்றார் பேச்சியம்மாள்.

“அக்கா, ஆடி பொறந்துருச்சு, அம்மா வீட்டுக்கு வாங்கன்னேன்.”

இரண்டாவது தடவை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்ப விழுந்துச்சு” என்று பேச்சியம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, அழைக்க வந்தவரிடம் கேட்க வேண்டியதை முறையாகக் கேட்டார்: “வீட்ல எல்லாரும் சொகமா?”

அழகர்சாமிக்கு இந்தப் பகுதிக்கு ஒத்திகை இல்லை. “சொகந்தான்க்கா. வாழைக்காதான் வெலையில்ல” என்றார்.

பேச்சியம்மாள் தட்டை வாங்கித் தலையில் தொட்டுக்கொண்டார். பூச்சரத்தை இரண்டாகக் கிள்ளி ஒரு துண்டைத் தன் தலையில் வைத்து, மற்றதை ஸ்டெல்லாவிடம் நீட்டினார். “இந்தா, வச்சுக்க. ஒங்க சாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாருல்ல?” ஸ்டெல்லா வாங்கி வைத்துக்கொண்டார். காலில் பாலிதீன் உறை மாட்டி, இருவருமாகத் தாங்கி அவரை வண்டியின் முன் இருக்கையில் ஏற்றினோம். கூல்டிரிங்க்ஸ் கடைக்காரர் இன்சுலினை ஐஸ் போட்ட டம்ளரில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். “பாத்து, யாராச்சும் கலருன்னு குடிச்சிறாதீக” என்றார்.

4. விருந்தாளி

ஐந்தாம் அறையில் வந்து இறங்கிய பெண், விருந்தாளிக்குரிய எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அறை ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டேன். “விருந்துக்கு வந்தவககிட்டக் கையெழுத்து வாங்குவாகளா?” என்றார். சாவியைக் கொடுத்தேன். விருந்தாளி சாவி வைத்துக்கொள்வதில்லை என்று ஸ்டெல்லாவிடம் தந்துவிட்டார். கதவில் பெயர் எழுதவிடவில்லை. அடுப்பைப் பற்ற வைக்க மறுத்தார். பற்ற வைத்துவிட்டால் அது குடிவந்த கணக்காகிவிடுமாம். சட்டம் படித்தவர்களுக்கே இவ்வளவு நுணுக்கம் வராது. நான் ‘தற்காலிகத் தங்கல்’ என்று ஒரு புது வகையை உண்டாக்கிக் குறித்துவைத்தேன். எங்கள் துறையில் எது புரியாவிட்டாலும் அதைத் தற்காலிகம் என்று போடுவது வழக்கம்.

அடுப்பு மூட்டாத விருந்தாளிக்கு யார் சமைப்பது? ஸ்டெல்லா இதற்காக ஒரு முறை வகுக்கலாம் என்றார். அதற்குள் காம்பவுண்டே வகுத்துவிட்டது. மேகமலைக்காரர் காலையில் எஸ்டேட் பாணியில் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்தார். முதல் அறையிலிருந்து களி வந்தது, ஏழாம் அறையிலிருந்து ரசம் வந்தது. வெளி ஆட்களோடு பேசவே கூச்சப்படுகிற ஒருவர், தினமும் ஒரு வாழைப்பூவை ஆய்ந்து வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவார். வீட்டுக்கு ஒரு பெண் ஆடிக்கு வந்திருக்கிறாள் என்றால் எல்லாருக்கும் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வாழ்நாளில் யாரையும் விருந்துக்கு அழைக்கிற நிலையில் இருந்ததில்லை.

சிக்கல் அதிரசத்தில் வந்தது. அழகர்சாமியின் ஏழு தட்டில் அதிரசம் ஒன்று, மாம்பழம் ஒன்று, இரண்டும் இனிப்பு. ஸ்டெல்லா அத்தனையையும் பறிமுதல் செய்தார்.

“ஆடிக்கு வந்த பொண்ணுக்கு வெந்தயத் தண்ணியா குடுப்பாக?” என்று பேச்சியம்மாள் முற்றத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“ஆடிக்கு வந்த பொண்ணுக்குச் சர்க்கரை இருந்தா வெந்தயத் தண்ணிதான்” என்றார் ஸ்டெல்லா. “மாப்ள வந்தாருன்னா அவருக்கு அதிரசம் குடுக்கேன்.”

“அவரு வந்தா ஒலக்கை குடு.”

சிரிப்புக்கிடையே புண் ஆறிக்கொண்டு வந்தது. கால் நாற்காலி மேல் இருந்தது, கட்டு தினமும் மாறியது, ஊசி வேளைக்கு ஏறியது. ஊறிக் கறுத்திருந்த இடத்தில் சிவப்புச் சதை தலைகாட்டியது. ஓரங்கள் ஒன்றை ஒன்று தேடி நகர்ந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, “பரவால்லையே, எங்க தங்கியிருந்தீங்க?” என்று கேட்டார். பேச்சியம்மாள், “அம்மா வீட்ல” என்றார். டாக்டர் அதை அப்படியே நம்பி, அம்மாவுக்குத் தன் பாராட்டைச் சொல்லச் சொன்னார். இன்னும் ரெண்டு மூணு வாரம் இதே மாதிரி இருந்தால் முழுக்க மூடிவிடும், இடையில் நனைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

ஆடி கடைசி நாள் காலையில் நான் போனபோது ஐந்தாம் அறை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. பேச்சியம்மாள் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன பேச்சியம்மா?”

“ஆடி முடியுதுல்ல. பொறந்த வீட்ல அதுக்கு மேல உக்காந்திருந்தா ஊரு என்ன பேசும்? அழைச்ச தம்பிக்கில்ல கெட்ட பேரு.”

நான் புரட்டிக் கண்டுபிடித்த விதிக்கு அடுத்த வரி ஒன்று இருந்தது. ஆடிக்கு அழைத்த பெண்ணை ஆடி முடிந்ததும் அனுப்பிவைக்க வேண்டும். விதிகளை வரி விடாமல் படிப்பவள் என்று பெயர் எடுத்தவள் நான்.

ஸ்டெல்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஆத்தா, மறுபடியும் அந்த ஈரத்துலயா போயிப் படுக்கப் போறீக? இத்தன நாள் கட்டுனதெல்லாம் வாய்க்காலோட போகட்டுமா?”

“நனையாமப் பாத்துக்கிறேன் புள்ள.”

“எங்கன வச்சுப் பாத்துக்குவீக?”

பேச்சியம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “வர்றேன் தாசில்தாரம்மா” என்று மட்டும் சொன்னார். நம் ஊரில் போகிறவர்கள் எல்லாரும் வர்றேன் என்றுதான் சொல்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போன அவர் கணவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

பூட்டி வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. அவர் விருந்தாளி, குடித்தனக்காரராக இருந்தாலும் உரிமை இல்லைதான். அழகர்சாமி வண்டி கொண்டுவந்தார். வழியனுப்பும் பெண்ணுக்குக் கொடுக்கிற முறைப்படி அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்து, வாடிய முகத்தோடு குச்சனூரில் இறக்கிவிட்டு வந்தார்.

5. ஆவணி

அறை காலி. வரிசையில் அடுத்தவரின் மகள் அன்று மாலையே வந்து கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி. நான் உட்கார்ந்து யோசித்து, பழைய ஒதுக்கீடு குடியேற இயலாத மாதத்தில் செய்யப்பட்டதால் செல்லாது என்று முடிவெடுத்தேன். ஆவணி முதல் தேதியிலிருந்து பேச்சியம்மாளுக்குப் புதிய ஒதுக்கீடு. ஒரு வாரம். பதினான்காம் விதி இந்தத் தடவை மாறாது. அடுத்தவரின் மகளுக்கும் அதையே சொன்னேன்.

ஸ்டெல்லா தினமும் பஸ் ஏறிக் குச்சனூர் போய்க் கட்டு மாற்றினார். அது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை. திரும்பி வந்து அறிக்கை கொடுப்பார்.

“காலு ஈரம் படல மேடம். அந்தக் கலர்க்கடைக்காரர்கிட்ட பாட்டில் பெட்டி நாலு வாங்கிக் கவுத்து, மேல பலகையப் போட்டு, அதுலதான் படுக்குது. காலுக்குத் தனிப் பெட்டி.”

“வருமா?”

“கேட்டா வானத்தப் பாக்குது.”

அழகர்சாமி ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஃபோன் செய்தார். மூன்றாம் நாளுக்குப் பிறகு செய்யவில்லை. கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாரத்தின் கடைசி நாள் காலை. ஐந்தாம் அறையை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு எல்லாம் தயாராக இருந்தது, என்னைத் தவிர. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பேச்சியம்மாள் ஒரு காலை ஊன்றாமல் ஆட்டோக்காரர் தோளைப் பிடித்து இறங்கினார். தோளில் தொங்கிய பையில் புதுப் பால்சட்டி, உப்பு, மஞ்சள். பின்னாலேயே இருசக்கர வண்டியில் அழகர்சாமி, முன்னால் ஒரு தாறு வாழைப்பழத்தோடு.

“ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று அழகர்சாமியைக் கேட்டேன்.

“நாலு நாளாத் தெரியும்மா. அக்கா சொல்லக் கூடாதுன்னுருச்சு.”

“குடி போறதப் பொறந்த வீட்டுக்குத்தான் மொதல்ல சொல்லணும்” என்றார் பேச்சியம்மாள். “ஆபீசுக்கு அப்பறந்தான்.”

“நேத்தே வந்திருக்கலாமே. இன்னைக்குச் சாயங்காலத்தோட ஒதுக்கீடு முடியுது.”

“ஆவணியில மொத முகூர்த்தம் இன்னைக்குத்தான். பஞ்சாங்கம் ஒங்க ஆபீசக் கேட்டா எழுதுறாக?”

அடுத்தவரின் மகளுக்கு ஃபோன் செய்து சொன்னேன். வருத்தப்பட்டார், அடுத்த மாதமே எட்டாம் அறை காலியாகி அவர்களுக்குக் கிடைத்தது வேறு சங்கதி. இங்கே ஐந்தாம் அறையில் கிழக்கு முகமாக அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினார் பேச்சியம்மாள். மற்ற ஏழு அறை ஆட்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பால் பொங்கி வழிந்தது. ஸ்டெல்லாதான் முதலில் குலவை போட்டார். ராயப்பன்பட்டியில் எங்கே கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் பேச்சியம்மாள் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

சாயங்காலம் என் அறைக்கு வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“தாசில்தாரம்மா, அந்த ஃபேனு என்ன, நெல்லு மிசினு மாதிரிக் கடகடங்குது? மனுசி தூங்குறதா வேணாமா? கதவுத் தாப்பா சேர மாட்டேங்குது. சன்னலத் தெறந்தா மேகமலைக்காரர் பீடிப் புகை எல்லாம் எனக்குத்தான். இதையெல்லாம் யாரு பாக்குறது?”

“போன மாசமும் அதே ஃபேன்தானே பேச்சியம்மா. தெனமும் கேட்டேனே, நல்லாருக்கு நல்லாருக்குன்னுதானே சொன்னீக?”

“போன மாசம் விருந்தாளி. விருந்தாளி கொறை சொல்லுவாகளா? இது என் வீடு.”

பாதம் புரட்டாசியில் மூடிவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு இப்போது முற்றத்தில் நடமாடுகிறார். சனிக்கிழமைகளில் மட்டும் குச்சனூருக்கு வியாபாரத்துக்குப் போய்வருகிறார். பொங்கலுக்கு அழகர்சாமி சீர் கொண்டுவந்தார். கொண்டுவந்த கரும்பு இனிக்கவில்லை என்று அதற்கும் ஒரு புகார்.

நான் பல வருடம் திங்கள்கிழமை தோறும் குறைதீர்க்கும் நாளில் உட்கார்ந்து மனு வாங்கியவள். ஒரு மனுவாவது எனக்குச் சந்தோஷம் கொடுத்ததாக நினைவில்லை. அன்று சாயங்காலம் வந்த அந்த மூன்று குறைகளையும் காப்பி கொடுத்துக் கேட்டேன். ஒருவர் ஓர் அறையில் படுக்கலாம், சாப்பிடலாம், புண்கூட ஆற்றிக்கொள்ளலாம். அப்போதும் அவர் எழுந்துபோகத் தயாராகவே உட்கார்ந்திருக்கக்கூடும். ஆகவே இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: சாவி கொடுத்த அன்று, வீடு கொடுத்தாயிற்று என்று எழுதிவிடாதீர்கள். முதல் புகார் வரட்டும். வந்ததும் தாமதிக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.